அக்காவின் பெயரில் பதினொரு வருடம்

கன்னிதா பதினைந்து வயதில் தையல் தொழிற்சாலைக்குப் போனாள். பதினெட்டு ஆகாதவளை எடுக்க மாட்டார்கள் என்று அக்கா மாலிஸின் பிறப்புத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினாள். கம்போங் ஸ்பூ மாகாணத்தில் அன்றைக்கு வீட்டுக்கு ஒருத்தி அப்படித்தான் போனாள். யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. அன்று முதல் அங்கே அவள் மாலிஸ். காலையில் பெயர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்பாள்.

அந்தத் தொழிற்சாலையை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆரம்பத்தில் அதுவும் மற்றதைப் போலத்தான், அறுபது பெண்களை லாரியில் நிற்க வைத்து ஏற்றிப் போகும். பிறகு முதலாளி மாறினார். ஆளுக்கொரு இருக்கையோடு பஸ் வந்தது. பிள்ளை உண்டானவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. கைக்குழந்தைகளுக்கு மின்விசிறி வைத்து ஓர் அறை. சம்பளம் சொன்ன நாளில் வந்தது. கன்னிதாவின் வீட்டுக்குத் தகரக் கூரை வந்தது, அம்மாவின் கண்ணில் இருந்த புரை போனது, மழை பொய்த்த வருடமும் சட்டியில் மீன் கொதித்தது.

மாலிஸின் புருஷன் எல்லை தாண்டி வேலைக்குப் போனவன், போனவன்தான். மூன்று வயது மகளோடு அவள் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கும் அந்த பஸ்ஸில் போக ஆசை.

"நான் எப்படிடி வர்றது? மாலிஸ்தான் ஏற்கெனவே அங்க தைக்கிறாளே! நல்லா வேற தைக்கிறாளாம், கழுதை."

அந்த மாதமே தொழிற்சாலையில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள்: இரவல் பெயரில் சேர்ந்தவர்கள் வந்து உண்மையைச் சொல்லலாம், பெயரை மாற்றித் தருவோம், வேலை போகாது.

"சொல்லிடட்டுமாக்கா?"

"வாயை மூடு. தூண்டில்ல புழு எதுக்கு மாட்டுறான், மீனுக்குப் பசிக்குதேன்னா? உன் சம்பளம் நின்னா நாலு வயிறும் காயும்."

கன்னிதாவுக்கும் பயம். சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

தொழிலாளர் பதிவில் மாலிஸ் என்று ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள்; இரவல் பெயரை விசாரிக்கிற இடத்துக்குப் போகவும் பயம். அதனால் மாலிஸ் தங்கையின் பெயரை இரவல் வாங்கிக்கொண்டு ஒரு செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே லாரிதான். காலையில் ஒரே சாலை. பஸ் முந்தும்போது லாரியிலிருந்து கட்டம்போட்ட கழுத்துத் துண்டை ஆட்டி, "என்ன மகாராணி, உக்காந்தா போறீங்க?" என்று கத்துவாள். பஸ்ஸே சிரிக்கும்.

மழை தொடங்கிய வாரம் லாரி சேற்றில் சறுக்கி வயலில் கவிழ்ந்தது. பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து கன்னிதா இறங்கி ஓடினாள். துண்டை வைத்துத்தான் அக்காவை அடையாளம் கண்டாள்.

மருத்துவமனைத் தாளில், செத்தவள் பெயர் கன்னிதா.

மழைக்காலக் கடைசியில், இறந்தவர்களுக்குச் சோறு படைக்கும் பதினைந்து நாள் வந்தது. விகாரையில் பிக்கு பெயர்களைப் படிப்பார். பெயர் படித்தால்தான் அந்த உயிர் வந்து சாப்பிடும். பட்டியல் எழுதும் பெரியவர் தாளைப் பார்த்து "கன்னிதா" என்று எழுதினார். மாலிஸ் என்று எழுதச் சொன்னதற்கு, "ஆதாரம் கொண்டு வாம்மா" என்றார்.

"எம் பொண்ணு வாசல்லயே பசியோட நிப்பாளேடி" என்று அம்மா அழுதாள்.

வேலை போனால் போகட்டும் என்று மறுநாள் கன்னிதா தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அங்கிருந்த அம்மாள் எதுவும் திட்டவில்லை. பெயரைத் திருத்தினாள், பெரியவருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. நாப்பது பேர் வந்து சொன்னாங்க, ஒருத்தரையும் அனுப்பலையே."

மேஜையில் இருந்த தேநீர் ஆறக்கூட இல்லை. கன்னிதா கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு விகாரைக்குப் போனாள்.

பெரியவர் பெயரை அடித்து எழுதினார். விகாரையில் எல்லாரும் கைகூப்பி உட்கார்ந்திருக்க, பிக்கு ஒவ்வொரு பெயராகப் படித்து வந்தார்.

"மாலிஸ்."

"இருக்கேன்" என்று கன்னிதாவின் வாய் சொல்லிவிட்டது.

பதினொரு வருடப் பழக்கம். யாரும் சிரிக்கவில்லை. மாலிஸின் மகள் மட்டும், அம்மா வந்துவிட்டாளா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது.