பந்தியில் கடைசி ஆள்

அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், கண்காணிப்புக்குப் போன நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். சும்மா கண்ணயர்ந்திருந்தால் தப்பித்திருப்பேன். குறட்டை விட்டிருக்கிறேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். சிலர் அந்த நேரத்தை நல்லபடியாகப் பயன்படுத்தியும் கொண்டார்கள் என்பது விடைத்தாள் திருத்தும்போது தெரிந்தது. தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கோமதி, உடம்புக்கு என்ன?” என்று கேட்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. சர்க்கரை இருந்தது, முழங்கால் வலி இருந்தது, மாடி வகுப்பு என்றால் மனதுக்குள் ஒரு அழுகை இருந்தது. எல்லாவற்றையும் வயசு என்று தள்ளிவிட்டிருந்தேன். குறட்டையை அப்படித் தள்ள முடியவில்லை. பரிசோதித்த மருத்துவர் அதற்கு ‘ஸ்லீப் ஆப்னியா’ (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது) என்று பெயர் சொன்னார். எடை குறையாமல் அது போகாது என்றார். எடை, பட்டினி கிடந்தும் நடந்தும் நான் குறைத்து, குறைத்ததைவிடக் கூடுதலாகத் திரும்ப வாங்கிக்கொண்ட பழைய கதை.

பேரியாட்ரிக் சர்ஜரி (எடையைக் குறைப்பதற்காக வயிற்றில் செய்யும் அறுவைச் சிகிச்சை) பற்றி முதலில் சொன்னவரும் அவரே. இதே ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கத்தி, தையல், மருந்து பற்றி உங்கள் மருத்துவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

என் கணவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார். அத்தை மகன். இன்றைக்கும் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அந்தக் குறையைப் பற்றி ஒரு காலத்தில் நிறையப் பேசினோம், அப்புறம் விட்டுவிட்டோம். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது சாப்பாடு. ராத்திரிக்கு என்ன என்று காலையிலேயே பேச ஆரம்பிப்போம். அவியலில் வாழைக்காய் கொஞ்சம் கூடிப்போனால்கூட அதை வைத்து ஒரு மணி நேரம் வழக்காடுவோம். ஒரே நேரத்தில், எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் தட்டில் ஒருவர் கைவைத்துச் சாப்பிட்டே பழக்கம். “நாம ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்தா சமையக்காரருக்கு வயித்தைக் கலக்கிரும்ளா” என்பார்.

ஆபரேஷன் என்றதும் அவருக்குக் கோபம் வந்தது. “நல்லா இருக்க வயித்தையா வெட்டிப் போடப்போறாவ?” என்று கேட்டார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பி குடிக்கும்போது தானாகவே சொன்னார். “செஞ்சிருவோம் கோமதி. நீ மூச்சு விடுதியா இல்லையான்னு பாத்துக்கிட்டே எத்தன நாள்தான் நான் முழிச்சிக் கெடக்கது?” அவர் அப்படி விழித்துக் கிடந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

வண்ணார்பேட்டையில் ஒரு மருத்துவமனை. எனக்குச் செய்தது ‘ஸ்லீவ்’ (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய்போல் தைத்துவிடுவது). அறுவை செய்த மருத்துவர் இளைஞர். “டீச்சர், உங்களுக்குச் சாப்பாடு ரொம்பப் பிடிக்குமா?” என்று கேட்டார். “என்னப் பாத்தா தெரியலையா டாக்டர்?” என்றேன். சிரித்துவிட்டு, “அந்த ஆசை அப்படியே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆளுக்கு ஆள் வேறுபடும்” என்றார். ஆசை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்புகிற ஆளா நான்?

முதலில் தண்ணீர்போன்ற ஆகாரம் மட்டும், பிறகு கூழ், பிறகு குழையக் குழைய வேகவைத்தது. உணவு ஆலோசகரான பெண் பிள்ளை, “புரதம் வேணும்லா, முட்டை வெள்ளைக்கரு சாப்பிடுங்க” என்று சொன்னதும் அத்தான் எழுந்து நின்றுவிட்டார். “நாங்க சைவம்மா” என்று அவர் சொன்ன தோரணையில், அந்தப் பிள்ளை பயந்து பனீருக்கும் பாசிப்பருப்புக்கும் இறங்கி வந்தது. அந்தக் காலத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்கு ஒரு முறைதான். சிரித்தால் தையல் இழுக்கும்.

நன்மைகளைச் சொல்லாமல் போனால் நன்றிகெட்டவள் ஆவேன். சர்க்கரை மாத்திரை நின்றது. குறட்டை நின்றது. மாடி வகுப்புக்குப் பிள்ளைகளை முந்திக்கொண்டு ஏறினேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பிறகு வளர்ந்தது. கைத்தசை தொங்கிப்போய், கரும்பலகையில் எழுதும்போது தனியாக ஆடுகிறது. குறுக்குத்துறை ஆற்றில் இறங்கினால் முன்பெல்லாம் தண்ணீர் என்னைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இப்போது இடுப்பளவு இறங்குவதற்குள் பல் கிடுகிடுக்கிறது. இதெல்லாம் நான் மனமொப்பிக் கொடுத்த விலை. எனக்கு வருத்தம் இல்லை.

பசி போனதுதான் வருத்தம். வெட்டி எடுத்த பகுதியில்தான் கிரெலின் (பசியைத் தூண்டும் சுரப்பு) அதிகம் ஊறுமாம். முன்பெல்லாம் பதினொரு மணி ஆனால் என் வயிறு எனக்குச் சொல்லும். பள்ளி மணி தப்பாக அடித்தாலும் அது தப்பாது. அது பேசாமல் போனபிறகு, மத்தியானம் எது, சாயங்காலம் எது என்று உடம்புக்குத் தெரியவில்லை. சாப்பிடுவதற்குக் கைபேசியில் மணி வைத்துக்கொண்டேன். மணி அடிக்கும், நான் சாப்பிடுவேன், மாத்திரை விழுங்குவதைப் போல. பக்கத்து வீட்டில் கத்தரிக்காய் வதக்கும் வாசனை வரும். அது கத்தரிக்காய் என்று தெரியும். அதற்குமேல் ஒன்றும் நடக்காது.

தண்ணீரும் அப்படித்தான். சாப்பாட்டோடு குடிக்கக்கூடாது. தனியாகக் குடித்தாலும் மிடறு மிடறாகத்தான். பங்குனி வெயிலில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஒரு சொம்பைத் தூக்கி, அண்ணாந்து, தொண்டை கடகடவென்று ஏறி இறங்க மூச்சுவிடாமல் குடிப்பேனே, அந்தக் கோமதியை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. யாராவது அப்படிக் குடித்தால் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். வெட்கம்கெட்ட வேலைதான்.

இனி பந்தி. எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களில், பந்தியில் ஒரு வரிசையாக உட்கார்ந்தவர்கள் ஒரு வரிசையாகத்தான் எழுந்திருப்பார்கள். சீக்கிரம் முடித்தவர் கை காய்ந்துபோனாலும் கடைசி ஆள் இலையை மடக்கும்வரை இருப்பார். நடுவில் எழுந்தால் பக்கத்து இலைக்காரரை அவமதித்ததாக அர்த்தம். சம்பந்தக்காரர்கள் உட்காரும் வரிசை என்றால் இன்னும் கெடுபிடி. கடைசி ஆளைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து ஒரு வளைகாப்புப் பந்தியில் உட்கார்ந்தேன். என் கைப்பிடிச் சோற்றை மென்று கூழாக்கி விழுங்க அரைமணி நேரம் வேண்டும். வரிசையில் எல்லாரும் முடித்துவிட்டார்கள். காய்ந்த கைகள் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு முகம் சூடாகி, மிச்சச் சோற்றை மெல்லாமல் நாலே வாயில் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்கு நடுவில் கல் வைத்ததுபோல் அடைத்தது. எழுந்து ஓடினேன். கை கழுவும் இடத்தில் நுரை நுரையாக வந்துகொண்டே இருந்தது. அத்தான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். பின்னால் யாரோ ஒரு பெரியம்மா, “நல்லா சாப்ட்டுக்கிட்டிருந்த பிள்ள. இது தேவையா?” என்று சொன்னது காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டி முடிந்ததும் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். நான் சாப்பிடாததால் அவரும் சாப்பிடமாட்டார். வீட்டிலும் அப்படியே ஆயிற்று. என் எதிரில் தட்டுப் போட்டுச் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. அடுக்களையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே தயிர்ச் சோற்றைப் பிசைந்து அள்ளிப் போட்டுக்கொள்வார். “உக்காந்து சாப்பிடுங்க அத்தான்” என்றால், “பசிச்சிட்டு, அதான் அவசரமா…” என்று சமாளிப்பார். அவரும் இளைத்துக்கொண்டே வந்தார். எனக்கு உயிர் திரும்பக் கிடைத்தது. ஆனால் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷன் போய்விட்டார். ஒரே ஒரு வேளை, பழையபடி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுந்திருக்க முடியுமா என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே கேள்வி.

அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டேன். “பசி திரும்பி வருமா டாக்டர்?” அவரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. “வந்துவிடுமோ என்றுதான் டீச்சர் எல்லாரும் பயப்படுவார்கள்” என்றார். பிறகு, “மெல்ல வரலாம். பழையபடி வராது” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வடிவின் மகளுக்குக் கல்யாணம் கூடியது. கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்துச் சொதிச் சாப்பாடு போடவேண்டும். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் கிழங்கும் போட்டு, அடுப்பை அணைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்குவது சொதி. கூட இஞ்சிப் பச்சடி. அந்தப் பந்தியில் பெண்ணின் தாய்மாமனும் மாமியும் சம்பந்திக்குச் சமமாக உட்கார்ந்தே ஆகவேண்டும்.

நான் மாட்டேன் என்றேன். வடிவு வீட்டுக்கே வந்துவிட்டாள். “மதினி, நீங்க உக்காரலைன்னா அண்ணனும் உக்காரமாட்டான். தாய்மாமன் இல்லாத பந்தியை நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போடுவேன்?”

“நான் உக்காந்தா உங்க சம்பந்தி வீட்டாரு எல்லாரும் கையைக் காயவச்சிட்டுல்லா இருக்கணும்?”

“இருக்கட்டுமே.”

அவளுக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாள். நான் மனதுக்குள் வேறு திட்டம் போட்டேன். பேருக்கு இரண்டு வாய் வைத்துக்கொண்டு, முதல் ஆள் முடிக்கும்போதே இலையை மடக்கிவிடுவது.

பந்தி விரித்தார்கள். அத்தான் என் இடப்பக்கம். எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா, தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சின்னக் கரண்டி சோறு மட்டும் வாங்கிக்கொண்டேன். சொதி ஊற்றினார்கள். நான் மெல்ல ஆரம்பித்தேன். அவர்கள் பேசிச் சிரித்தபடி முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று போய்க்கொண்டிருந்தார்கள். நான் மென்றுகொண்டிருந்தேன். பாயசம் வந்து, மோரும் வந்தது. பெரியப்பா கையை இலைமேல் வைத்துவிட்டார். பக்கத்தில் இரண்டு பேர் முடித்துவிட்டார்கள். என் இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. இலையின் மேல்நுனியைப் பிடித்தேன்.

அத்தான் முழங்கையால் என் கையைத் தட்டினார். “மடக்காத. பைய சாப்பிடு.”

பிறகு பரிமாறுகிறவரைப் பார்த்துச் சத்தமாக, “ஏ அண்ணாச்சி, மோரெல்லாம் இருக்கட்டும்வே. இங்கன இன்னும் கொஞ்சம் சோறு வையும். சொதியை ஊத்தும்” என்றார்.

வரிசையே திரும்பிப் பார்த்தது. மோருக்குப் பிறகு யாராவது மறுபடியும் சொதிக்குப் போவார்களா? அவர் போனார். நிதானமாகப் பிசைந்தார். இஞ்சிப் பச்சடி கேட்டார். முருங்கைக்காயை எடுத்து ஒவ்வொரு நாராக உரித்துச் சாப்பிட்டார். பெரியப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏன்வே, சொதியைக் கண்டு எத்தன வருசம் ஆச்சு?”

“உங்க புண்ணியத்துல இன்னைக்குத்தான் அண்ணாச்சி. மன்னிச்சிக்கிடுங்க, எனக்காக எல்லாரும் கையைக் காயவச்சிட்டு இருக்கீய.”

“சாப்பிடும்யா, சாப்பிடும். தாய்மாமன் வயிறு நெறையலைன்னா எங்களுக்குல்லா குத்தம்?”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், அவரைக் கேலி செய்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு அவருடைய வயிற்றின் அளவு தெரியாதா? இரண்டாம் சுற்றிலேயே அவருக்கு நிறைந்துவிட்டது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அப்படியும் இன்னொரு கரண்டி வாங்கினார். நான் ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்றேன். எனக்குக் கண் கலங்கியது. இஞ்சி காரம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சோறு பத்திரமாக இறங்கியது. கல் எதுவும் அடைக்கவில்லை.

கடைசிப் பருக்கையையும் எடுத்தபிறகு அவரைப் பார்த்துத் தலையை அசைத்தேன். அவர் இலையில் கிடந்ததை ஒரே வாயாக அள்ளிப் போட்டுக்கொண்டு இலையை மடக்கினார். நானும் மடக்கினேன். வரிசை எழுந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து எழுந்தோம்.

கை கழுவும் இடத்தில் அவரால் குனிய முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். “இனிமே சொதின்னு எவனாவது சொன்னா அடிச்சே போடுவேன்ளா” என்றார்.

நான் குழாயைத் திறந்து அவர் கையில் தண்ணீர் படும்படி பிடித்துக்கொண்டு சொன்னேன். “அத்தான், எழுந்திரிக்கும்போது எனக்கு இன்னும் ஒரு வாய் வேணும்போல இருந்துச்சு.”

அவர் கை அப்படியே நின்றது. “நெசமாவா? இடம் இருக்கா?”

“இடம் இல்ல.”

“இல்லாட்டி போகட்டும். வேணும்போல இருந்துச்சுல்லா?”

“இருந்துச்சு.”

அவர் ஈரக் கையோடு என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்த ஒரு வாய் இன்னும் எனக்கு வேண்டும்போலத்தான் இருக்கிறது.