கட்டைபறிச்சானில் விழுந்த சுவர்

இது நடக்கும் என்று நான் காலையிலேயே சொன்னேன். கேட்டவர்கள் சாட்சிக்கு வாருங்கள்.

கட்டைபறிச்சானில் மலர் அக்காவுக்கு வீடு கட்டிக்கொடுக்க வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் அல்லவா? நாளைக்கு அவர்களுக்கு விமானம். அந்த அவசரத்தில் ஒரு முழுச் சுவரையும் இன்று காலையிலேயே எழுப்பிவிட்டார்கள்.

"பிள்ளை, சாந்து இன்னும் காயேல்லை. இண்டைக்கு உது காணும், நிப்பாட்டுங்கோ" என்றேன். அவர்களில் ஒரு பெண்பிள்ளை சிரித்துக்கொண்டு எனக்கொரு பிஸ்கட் தந்தது.

மத்தியானம் கொட்டியாரக்குடாப் பக்கமிருந்து காற்று எழும்பியது. யானையையே தூக்கும் காற்று! அந்தப் பிள்ளை அந்தச் சுவரின் நிழலில் இருந்து சோறு சாப்பிடுகிறது. சுவர் மெல்ல அசைந்ததை முதலில் கண்டவன் நான்தான்.

"எழும்பு பிள்ளை! ஓடு!" என்று கத்தினேன். அதற்குத் தமிழ் விளங்கவில்லை. எனக்குக் கை காட்டியது.

புலி மாதிரிப் பாய்ந்து அதை இழுத்தேன். அது இருந்த இடம் முழுக்கக் கல்.

மலர் அக்கா, "சுவர் போனாப் போகட்டும் தம்பி, பிள்ளை தப்பிச்சுதே" என்றார்.

லைக் போட முதல் ஒரு உண்மை சொல்லவேண்டும். பாய்ந்து இழுத்தது மலர் அக்கா. எனக்குக் கால் எழும்பவேயில்லை. நீங்களென்றால் பாய்ந்திருப்பீர்களா? பொய் சொல்லாமல் எழுதுங்கள்.