மைக்காரரின் மூன்று நிமிடம்

எங்கள் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் வியாழக்கிழமைதோறும் மதியம் பொது விவாதம் நடக்கும். முதலில் சின்ன ஜெபம், பிறகு பேச்சு, ஆளுக்கு மூன்று நிமிடம். பதில் பேச வருபவர், தனக்கு முன் பேசியவர் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், நான் சொன்னது அதுதான்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் தன் கருத்துக்குப் போகலாம். நல்ல குடிமக்கள் இப்படித்தான் உருவாவார்கள் என்பார் தலைமை வகிக்கும் ஃபாதர். விவாதக் குறிப்பு எழுதும் குமாஸ்தாவான நானும் பதினோரு வருடம் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அரங்கின் பின்பக்கம் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவர் மைக்காரர். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மைக்கில் அவர் பேசியது "ஹலோ, ஒன், டூ, த்ரீ" மட்டும்தான். ஆனால் போன வருடம் யார் என்ன பேசினார் என்று கேட்டாலும் அச்சுப் பிசகாமல் சொல்வார். மூன்று நிமிடம் ஆனதும் மைக்கைத் தானாக நிறுத்தும் கருவியைப் பொருத்தியவரும் அவர்தான். "பெரிய மனுஷன், சின்ன மனுஷன்னு நான் பார்த்தாலும் அது பார்க்காது சார்" என்று பெருமையடித்துக்கொள்வார்.

அரங்கின் பின்னால் ஊழியர்களுக்கு ஐந்து வீடுகள். கடைசி வீடு அவருடையது. ஆறு வருடம் முன்பு அவர் மனைவிக்குப் பார்வை போய்விட்டது. ஆனாலும் அந்த வீட்டுக்குள் அவரை யாரும் பிடித்து நடத்த வேண்டியதில்லை. கட்டிலிலிருந்து அடுப்புக்கு ஒன்பது அடி, அடுப்பிலிருந்து குழாய்க்கு நாலு. விவாதம் கேட்க அவருக்காகச் சமையலறைச் சுவரில் ஒரு ஸ்பீக்கர் மாட்டியிருந்தார் மைக்காரர். "எனக்குக் கண்ணு இல்ல, இவருக்கு வாயி இல்ல. ரெண்டையும் சேர்த்தா ஒண்ணேகால் ஆளு தேறும்" என்று அந்த அம்மா சிரிப்பார்.

அந்த வியாழக்கிழமை விவாதமே அந்த வீடுகளைப் பற்றித்தான். அவற்றை இடித்துவிட்டு, குடிமைக் கல்விக்கென்று புது அரங்கம் கட்டலாமா? மறுநாள் ஆட்சிக்குழு என் குறிப்பைப் படித்து முடிவெடுக்கும். காலையிலேயே மைக்காரர் என்னிடம் வந்தார்.

"வீட்ல ஒரே ஒரு வரி சொல்லச் சொல்லியிருக்கா சார். 'என் பொண்டாட்டிக்கு இந்த வீடுதான் கண்ணு, இன்னொரு வீட்டுல அவ திரும்பவும் குருடியாயிடுவா.' அவ்வளவுதான். சொல்லிட்டு இறங்கிடுவேன்."

பொருளாளர்தான் முதலில் பேசினார். சுவர்களில் விரிசல், கூரை ஒழுகுகிறது, ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் நல்ல வீடுகள் தருகிறோம் என்றார். அவர் முடித்ததும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்தது. ஃபாதர் மகிழ்ந்துபோய் மேடைக்கு அழைத்தார்.

மைக்காரர் பொருளாளர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். சும்மா சொல்லவில்லை, புட்டுப் புட்டு வைத்தார். எந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்பது உட்பட. அரை நிமிடத்தில் முடிக்க வேண்டியதை அவர் இழுத்துக்கொண்டே போனார். திருப்பிச் சொல்வதும் அவருடைய மூன்று நிமிடத்தில்தான் கழியும். பொருளாளரோ, "ஒண்ண விட்டுட்டீங்களே, புது வீட்ல லிஃப்ட் இருக்கு" என்றார். கெட்ட எண்ணமில்லை. கணக்குச் சரியாக இருக்க வேண்டும் அவருக்கு. மைக்காரர் மன்னிப்புக் கேட்டு லிஃப்டையும் சேர்த்து மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

"ஆமாம், நான் சொன்னது அதுதான். என்னைவிட நல்லாவே சொல்லிட்டீங்க!"

அரங்கம் கைதட்டியது. மைக்காரர் தொண்டையைச் செருமி வாயைத் திறந்தார். மைக் நின்றுவிட்டது.

அவர் பேசியது முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. காலையில் சொன்ன அதே வரி. கைதட்டலில் வேறு யார் காதிலும் விழவில்லை. ஃபாதர் வருத்தத்துடன், "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார். மைக்கில் வராதது குறிப்பில் வரக் கூடாது என்பது இன்னொரு விதி. 'வீடுகளை இடிப்பதற்கான காரணங்களை விளக்கிப் பேசினார்' என்று எழுதினேன். எழுதும்போதே என் மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது. ஆனாலும் எழுதினேன்.

பேசியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். படித்துக் காட்டினேன். அவர் என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

அடுப்பருகே நின்றிருந்த அந்த அம்மா திரும்பினார். "ஸ்பீக்கர்ல கேட்டேங்க. இப்ப நான் திருப்பிச் சொல்றேன். விரிசல் இருக்கு, ஒழுகுது, நாலாவது மாடி, லிஃப்ட் இருக்கு. இதுதானே நீங்க சொன்னது?"

மைக்காரர் வாயில்லாத மனிதர்தான், பொய் சொல்லத் தெரியாதவரும்கூட. மைக் நின்ற பிறகு பேசியதைப் பேச்சாக அவரே எண்ணவில்லை. "ஆமா" என்றார். "நான் சொன்னது அதுதான்."

"சரி, அப்ப இனி என் முறை." அம்மா என் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். "எனக்கு இந்த வீடுதான் கண்ணு. இன்னொரு வீட்டுல நான் திரும்பவும் குருடியாயிடுவேன். எழுதிக்கிட்டீங்களா தம்பி?"

மைக்காரர் என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டேம்மா" என்றேன்.