ஆட்டோக்கார மகா பகலில் எரிகல் பிடித்தது

இது நடந்த கதை. பொய் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. சரி, கொஞ்சம் இழுத்திருக்கிறேன். சாயாக்காரர் ஆற்றும்போது இழுப்பாரே, அந்த அளவுக்குத்தான். கிளாஸில் விழுவது அதே சாயாதான்.

மகா கொச்சி மட்டாஞ்சேரியில் ஆட்டோ ஓட்டுகிறவள். அவள் ஹார்ன் அடித்தால் எதிர்க்கரை வைப்பின் தீவில் படகு ஒதுங்கும். ஆட்டோ ரேடியோவில் ஸ்டேஷனே இல்லாத இடத்தில், வெறும் இரைச்சலுக்கு நடுவே, ஒரு நொடி இந்திப் பாட்டு வந்து போகும். இரண்டு வருஷம் அதன் பின்னாலேயே அலைந்து காரணத்தைப் பிடித்துவிட்டாள். நூறு கிலோமீட்டர் உயரத்தில் எரிகல் எரிந்தால் ஒரு தடம் விட்டுப்போகும். எங்கோ நாக்பூர் பக்கத்து ஸ்டேஷனின் அலை அதில் பட்டுத் தெறித்துக் கொச்சியில் விழும். தடம் கலைந்ததும் பாட்டும் போச்சு. பகலென்ன, மேகமென்ன, எதுவும் தடுக்காது. பிராட்வே கடைத்தெருவில் அலுமினியக் குழாய் வாங்கி, கொச்சங்காடி வாடகைவீட்டு மொட்டைமாடியில் ஆண்டெனா நட்டாள்.

கீழே வீட்டுக்காரர் ரஷீதின் சுக்கு குடோன். கம்பி இடியை இழுத்துவிடும், சுக்கெல்லாம் வறுவலாகிவிடும் என்று அவருக்குப் பயம். ஜூன் ஏழாம் தேதி காலை பிடுங்கிப்போட ஏணியோடு வந்துவிட்டார். இன்றைக்குப் பகலிலேயே எரிகல் மழை, ஒன்பது மணிவரை பொறுங்கள், ஒன்றுகூட வராவிட்டால் நானே பிடுங்குகிறேன் என்றாள் மகா.

"பகல்ல நட்சத்திரம் விழுமா மோளே? காலையில சாயாதான குடிச்சே?"

மாடிப்படிக் கூரைக்குள் ரேடியோவில் காதை ஒட்டவைத்து உட்கார்ந்தாள். எட்டரை. எட்டே முக்கால். இரைச்சல்தான். ரஷீது கம்பியைப் பிடுங்க ஏணியைச் சாய்த்தார். வெளியே ஓடிவந்த மகா நிமிர்ந்து பார்த்தாள். ஆண்டெனா முழுக்க ஈர லுங்கி. மழை விட்ட பத்து நிமிஷத்தில் கீழே குடோனை ஒட்டிய வீட்டு பிந்து காயப்போட்டிருந்தாள். பாரம் தாங்காமல் ஆண்டெனா தலைகுனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கம்பி சும்மாத்தான நிக்குதுன்னு நினைச்சேன் சேச்சி" என்றாள் பிந்து.

மகா லுங்கிகளை உருவி எறிந்தாள். ரஷீதின் ஏணியிலேயே ஏறி ஆண்டெனாவை வானத்துக்கு நிமிர்த்தினாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. இரைச்சலைப் பிளந்துகொண்டு ஒரு பெண்குரல் பாடியது. நின்றது. அப்புறம் பாதி விளம்பரம். அப்புறம் ஒரு தபலா. மேலே மேகம் எருமைக்கூட்டமாய் மூடிக்கிடந்தது. கீழே ரேடியோவில் வானம் பாடிக்கொண்டிருந்தது. ஒன்பது அடிப்பதற்குள் முப்பத்தேழு எரிகல்!

ரஷீது ஏணியை எடுத்துத் தோளில் வைத்தார். "கம்பி நிக்கட்டும். இடி வந்தா வரும்போது பாத்துக்கலாம். முப்பத்தேழு! நானே விரல் விட்டு எண்ணினேன்."

"ஒம்பதுதான் இக்கா. உங்களுக்கு முப்பத்தேழு விரலா இருக்கு?" என்றாள் பிந்து.

"நீ லுங்கி பொறுக்கிட்டிருந்தே. உனக்கு எங்க கேட்டுது?"

பிந்து ஈர லுங்கியைச் சாட்டைபோல முறுக்கிக்கொண்டு அவரை நோக்கி வந்தாள். ரஷீது ஏணியைக் கேடயம்போலக் குறுக்கே பிடித்தார்.