சிக்னல்காரனைக் கேப்டனாக்கிய நாள்

மூத்தவளே, இளையவனே! உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இளையவனே, இது நடந்த வாரம் நீ உடன்குடி அத்தை வீட்டில் இருந்தாய். அதனால் உனக்குப் பாதிதான் தெரியும். மூத்தவளே, உனக்கு முக்கால்வாசி தெரியும். மீதியைக் கடைசியில் சொல்கிறேன். உன்னைப் பற்றி உன்னிடமே எழுதக் கூச்சமாக இருப்பதால் 'அவள்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

போன வருஷம், ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால், நம் தூத்துக்குடி வீட்டில் நடந்தது இது. மூத்தவள் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எதைப் பார்த்தாலும் வர்ணனை செய்கிற பழக்கம் உண்டு. அம்மா சாளை மீன் பொரித்தால்கூடக் கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, "இதோ இடது பக்கத்திலிருந்து இன்னொரு சாளை களத்தில் இறங்குகிறது!" என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஊரில் போன் கேம் போட்டிகள் நடத்தும் இளைஞர்கள் சிலர் அந்த வாரம் ஒரு போட்டி அறிவித்தார்கள். வெளியூரில் பெரிய ஆட்டக்காரர்கள் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவதைப் போனில் நேரலையாகக் காட்டுவார்கள். அன்றன்றைக்கு ஆடுகிறவர்களில் ஐந்து பேரைப் பொறுக்கி, ஆட்டம் தொடங்கும் முன் ஆப்பில் பதிய வேண்டும். அவர்கள் அங்கே எத்தனை பேரைச் சுடுகிறார்களோ, அதற்குத் தக்க பாயிண்ட் இங்கே நமக்கு. ஐவரில் ஒருவரைக் கேப்டன் என்று குறித்தால் அவருடைய பாயிண்ட் இரட்டிப்பாகும். ஆட்டம் தொடங்கிவிட்டால் லிஸ்ட் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு யாராலும் மாற்ற முடியாது.

மூத்தவள் அதில் சேர்ந்தாள். சூதாட்டம் என்று நினைத்து முதலில் நான் சத்தம் போட்டேன். "காசு கட்டவும் வேண்டாம், காசு தரவும் மாட்டாங்கப்பா" என்று விதிகளை வாசித்துக் காட்டினாள். ஏழு நாள் முடிவில் முதலாவதாக வருகிறவருக்கு ஒரு நாற்காலிதான் பரிசு. நம் ஊரில் நடக்கும் இறுதிப் போட்டியன்று வர்ணனையாளர் பக்கத்தில் உட்கார்ந்து, மைக்கில் தமிழில் பேசலாம். அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்காலிக்காக அவள் பழைய ஆட்டங்களை எல்லாம் ஓடவிட்டு, யார் எந்த மேட்டில் ஒளிவான், யார் பதறிப்போய்ச் சுடுவான் என்று ஒரு நோட்டு நிறைய எழுதினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். ஆறாம் நாள் முடிவில் அவள்தான் முதலிடம்.

ஏழாம் நாள் அவளுக்குக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. போன் கொண்டுபோகக் கூடாது. துறைமுகத்தில் அன்று எங்கள் கேங்குக்குக் கப்பல் இல்லை. நான் வீட்டில் இருந்தேன். போனை என் கையில் கொடுத்து, "அப்பா, மூணு மணிக்கு ஆட்டம். அதுக்குள்ள நம்ம ஆள் யாராவது ஆடலைன்னா பேர் பக்கத்துல செவப்புப் புள்ளி வரும். வந்தா மட்டும் இந்தத் தாள்ல எழுதியிருக்கிற ஆளை மாத்திப் போடுங்க. வேற எதையும் தொட்டுராதீங்க, என்ன?" என்றாள்.

"ஏளா, தினமும் இருபது பேரை ஆள் எடுக்கிற மேஸ்திரிட்டயா சொல்லுத?" என்று சிரித்தேன்.

சிவப்புப் புள்ளி வரவில்லை. ஆனால் லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. லிஸ்ட்டுக்கு வெளியே நின்ற ஆட்டக்காரர்களில் கண்ணாடி போட்ட ஒரு பையன் இருந்தான். "இவன்தாம்ப்பா மத்த மூணு பேருக்கும் எங்கன போகணும், எப்பம் சுடணும்னு சொல்லுதவன்" என்று அவள் ஒருநாள் காட்டியிருந்தாள். அன்றிலிருந்தே எனக்கு அவன்மேல் ஒரு பிடிப்பு.

காரணம் இருக்கிறது. மேஸ்திரி ஆவதற்கு முன் பத்து வருஷம் நான் சிக்னல்காரனாக நின்றவன். கிரேனில் இருப்பவருக்குக் கப்பலின் அடிப்பள்ளம் தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் சிக்னல்காரன் விரலைச் சுழற்றினால் தூக்குவார். உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்குவார். கீழே நிற்கிற அத்தனை பேர் உயிரும் அந்தக் கையில் இருக்கும். ஆனால் அவன் ஒரு மூட்டை தூக்கமாட்டான். "சும்மா நிக்கிறவனுக்கு என்னல வேலை?" என்று எத்தனையோ பேர் என்னைக் கேலி பேசியிருக்கிறார்கள்.

அந்தப் பழைய கோபமோ என்னவோ, அவள் கேப்டனாகக் குறித்திருந்த சுடுகிறவனைத் தூக்கிவிட்டு, கண்ணாடிக்காரனை உள்ளே போட்டு, அவனையே கேப்டனாகவும் ஆக்கினேன். மகள் வந்து பாராட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு தேங்காய் பன் வாங்கக்கூடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், தன் ஆட்கள் மூன்று பேரும் தப்பி ஓடுவதற்காகக் கண்ணாடிக்காரன் வெட்டவெளியில் நின்று எதிரிகளை இழுத்துப் பிடித்து, முதல் ஆளாக விழுந்துகிடந்தான். பாயிண்ட் சுழி. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. லிஸ்ட்டிலிருந்து நான் தூக்கியவனோ அன்று சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான்.

ஐந்து மணிக்கு அவள் வந்தாள். போனைப் பார்த்தாள். இரண்டாம் இடம்.

"செவப்புப் புள்ளி வந்துச்சாப்பா?"

"வரல."

"பெறவு?"

சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா, "கப்பலுக்கு ஆள் எடுக்கிற மாதிரி எடுத்திருக்காருளா உங்கப்பா. மூட்டை தூக்குத விஞ்சு ரெண்டு மட்டும் வச்சிருந்தா ஜெயிச்சிருப்பிய" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"வாம்மா, போட்டி நடத்துறவங்கட்ட போவோம். நான்தான் மாத்தினேன்னு சொல்லுதேன். பழையபடி போடச் சொல்லுவோம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். ஒரு செல்போன் கடை மாடியில் இருந்தது அவர்கள் அறை. போட்டியில் கலந்துகொண்ட நாலைந்து பேர் முடிவைப் பார்க்க வந்திருந்தார்கள். நடத்துகிற தம்பி, "வாங்க அண்ணாச்சி" என்று எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவளிடம், "என்னம்மா, ஆறு நாளும் ஆள் எடுத்தது நீதானா? கடைசி நாள் அந்தக் கண்ணாடியப் போயி கேப்டனாப் போட்டிருக்க!" என்றான்.

"கண்ணாடி தொடைக்கப் போனவன் திரும்பி வரவேயில்லலே!" என்று பின்னாலிருந்து ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தத் தம்பி மட்டும் சிரிக்காமல், "உன் போனை வேற யாரும் எடுத்து மாத்திட்டாங்களா? அப்படின்னா சொல்லு, பேசிப் பாப்போம்" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

"இல்லண்ணே. எங்க வீட்ல யோசிச்சுத்தான் போட்டோம். சரியா அமையல. என் பேர்ல போன லிஸ்ட்டு, நான் ஏத்துக்கிடுதேன்."

'எங்க வீட்ல' என்றாள். 'எங்கப்பா' என்று சொல்லவில்லை.

படியிறங்கும்போது, "ஏம்மா என்னைப் பேச விடல? நாற்காலி போச்சே" என்றேன்.

"மூணு மணிக்குப் பூட்டுனா எல்லாருக்கும் ஒரே பூட்டுதானப்பா. அதுவும் போக, போனை உங்க கையில குடுத்தது நான்தான? இன்னைக்கு நான் எடுத்த மொத ஆளே நீங்கதான்" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண் மட்டும் கலங்கித்தான் இருந்தது.

துறைமுகத்தில் ஒரு மூட்டை கட்டவிழ்ந்து விழுந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டியவன் தூக்கியவனைக் காட்டுவான், தூக்கியவன் சிக்னல்காரனைக் காட்டுவான். பத்து வருஷம் அந்த விரல்களுக்கு எதிரே நின்றவன், மேஸ்திரியானதும் நானும் விரல் நீட்டியிருக்கிறேன். வெட்கப்பட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். என் பிழையைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டு, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி எனக்கு முன்னால் படியிறங்கிப் போனாள். அவள் என் மகள் என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், "அந்தப் பையனை ஏன்பா எடுத்தீங்க?" என்று கேட்டாள். சிக்னல் கதையைச் சொன்னேன்.

"அவன் நல்ல ஆளுதாம்ப்பா. ஆனா இந்தப் போட்டியில சொல்லிக்குடுக்கிறவனுக்குப் பாயிண்ட் கிடையாது. சுடுறவனுக்குத்தான்."

"அப்போ அந்த விதியே தப்பு."

"தப்பாவே இருக்கட்டும். விதி தெரிஞ்சுதான ஆடப் போனோம்?"

வீடு வந்து சேர்ந்ததும், மத்தியானம் வாங்கி வைத்திருந்த தேங்காய் பன்னை ஆளுக்குப் பாதியாகத் தின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் இறுதிப் போட்டி நடந்தது. மேடையில் அந்த நாற்காலியில் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். மூத்தவள் வராமல் இருப்பாள் என்று நினைத்தேன். சட்டையை இஸ்திரி போட்டு என்னையும் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தோம். திரையில் நடப்பது எனக்கு விளங்கவில்லை என்பதால் என் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாள். "இந்தா, வலது பக்கம் ரெண்டு பேர் பம்முதானுவ பாருங்க... அவன் இப்ப எழும்புவான்... எழும்பிட்டான்!" மேடையில் சொல்வதற்கு முன்பே இவள் சொல்லியிருப்பாள். கொஞ்ச நேரத்தில் பின் வரிசையிலிருந்து இரண்டு பிள்ளைகள் தலையை நீட்டி, "அக்கா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார்கள். ஆட்டம் முடியும்போது எங்களைச் சுற்றி ஏழெட்டுப் பேர் மேடையை விட்டுவிட்டு இவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், தேர்த்தட்டில் உட்கார்ந்தவன் மாதிரி.

மூத்தவளே, உனக்குத் தெரியாத மீதி இதுதான். மறுநாள் துறைமுகத்தில் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் நிழலுக்குப் போன பிறகு, கப்பலைக் கயிற்றால் கட்டும் இரும்புக் குத்தியில் தனியாக உட்கார்ந்து, அந்த ஆப்பை என் போனில் இறக்கினேன். பரிசு இல்லாத, சும்மா ஆடுகிற ஆட்டம் ஒன்று அன்று மூன்று மணிக்கு இருந்தது. பொறுமையாக ஐந்து பேரை எடுத்தேன். கேப்டனாக அந்தக் கண்ணாடிக்காரனையே போட்டேன். அவன் சுழி வாங்குவான் என்று தெரியும். ஒருவன் தன் மனதுக்குச் சரி என்று பட்டதைச் செய்யலாம், ஆனால் அதன் தோல்வியை அடுத்தவர் தலையில் வைக்கக் கூடாது என்று நீ எனக்குக் காட்டியது இன்னும் என்னோடு இருக்கிறது. கடைசியில், லிஸ்ட் யார் பேரில் என்று ஆப் கேட்டது. என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, என் பெயரை முழுசாக அடித்தேன்.