டிசம்பர் அக்காவின் முறை

சென்ற மாதம் தர்மபுரியில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி வகுப்பில் என்னை அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். உடன் வேலை செய்கிறவர்களோடு எப்படிப் பழகினால் நாம் மேலே வரலாம் என்பது தலைப்பு. "ஆபீஸில் உங்களைத் தாங்கிப் பிடிக்க ஒருத்தர் இருந்தால் போதும், எந்தப் பதவிக்கும் போய்விடலாம்" என்றேன். கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு அந்த நோட்டைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. நான் சொன்னது பொய்யில்லை. பாதியை விட்டுவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மலையடிவாரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். கம்பைநல்லூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். பக்கத்து மேசை அக்கா சித்தேரி மலையிலிருந்து வருவார். எனக்கு மூன்று வருடம் முன்னால் சேர்ந்தவர், அதே பதவி. காலை முதல் பஸ்ஸில் இறங்கி, ஆபீஸ் கதவு திறக்கும்போதே உள்ளே இருப்பார். நான் மூச்சு வாங்க வந்து சேர்வதற்குள் என் மேசைத் தபால்களையும் சேர்த்துப் பதிவேட்டில் ஏற்றியிருப்பார். மலைக்குத் திரும்பும் கடைசி பஸ் ஐந்தே காலுக்கு. ஐந்து அடித்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "புள்ள, நான் கெளம்பறன், மிச்சத்தப் பாத்துக்க" என்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். மிச்சத்தை நான் ஏழு மணி வரை உட்கார்ந்து முடிப்பேன். நாங்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டதாக ஞாபகம் இல்லை.

எங்கள் வேலையில் மேலே போக வேண்டுமானால் துறைத் தேர்வு எழுத வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரும். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்றால் வெளியாட்கள் சிரிப்பார்கள். அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். செங்கல் கனம். கேட்ட விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் பக்கங்களின் ஓரத்தில் சீட்டு ஒட்டுவோம். சீட்டில் ஓர் எழுத்து இருந்தாலும் தேர்வு அறையில் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆபீஸுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்து, நகத்தளவு துண்டுகளாக வெட்டி, எழுத்தில்லாத வண்ணச் சீட்டுகளாக ஒட்டினார். மஞ்சள் என்றால் விடுப்பு. ரோஸ் சம்பளம். பச்சை தண்டனை. ஜிகினா ஒட்டிய சீட்டு பயணப்படி. சாப்பாட்டு நேரத்தில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு விதியாகப் படித்துப் புரிந்துகொண்டு ஒட்டியவை அவை. இரண்டு வருடம் ஆயிற்று. எந்த வண்ணத்தில் எத்தனையாவது சீட்டில் எது இருக்கிறது என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு ஆங்கிலம் தகராறு என்பதால் புரியாத வரிகளுக்கு நான் அர்த்தம் சொன்னேன். ஆகவே அது எங்கள் இருவரின் புத்தகம் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாலு வரிக்கு அர்த்தம் சொன்னதற்கு எனக்கு அவ்வளவு வாய்.

இன்னொரு புத்தகம் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கினேன். அது வேறு பதிப்பு, பக்கமெல்லாம் இடம் மாறியிருந்தது. முதலிலிருந்து ஒட்ட எனக்குப் பொறுமை இல்லை. ஒரே நாள், ஒரே நேரத்தில் தேர்வு. ஒரு புத்தகத்தை இரண்டு பேர் கொண்டுபோக முடியாது.

அந்த மே மாதம் அக்காவின் மாமியார் படுக்கையில் கிடந்தார். "நீ எழுது புள்ள. டிசம்பருக்கு நான் பாத்துக்கறன்" என்றார். நான் போய் எழுதினேன். ஒரு தாள் தேறியது, இன்னொன்று போய்விட்டது. டிசம்பர் தேர்வுக்கு அறிவிப்பு வந்தது. அக்கா விண்ணப்பிப்பதற்கு முன்னாலேயே நான் அவர் மேசையருகில் போய் நின்றேன். "அக்கா, இந்த ஒரு தடவ மட்டும். பாதியில நிக்குதுக்கா." அவர் கையில் பசை டப்பா இருந்தது. அதை மூடி இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, "பாத்து எடுத்துட்டுப் போ. பச்ச சீட்டு ரெண்டு பேந்துட்டு வருது" என்றார்.

தேறினேன். ஆபீஸ் முழுக்க மிக்சர் பொட்டலம் கொடுத்தது நான் இல்லை, அக்கா. "எங்க புள்ள பாஸாய்ட்டா" என்று மேசை மேசையாகப் போய்ச் சொன்னார். சில மாதங்களில் எனக்குப் பதவி உயர்வு வந்தது, நல்லம்பள்ளிப் பக்கம் மாறுதல். அடுத்த தேர்வுக்குள் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னேன். வீடு மாற்றியபோது பீரோவின் அடித்தட்டில் அது என்னோடு வந்தது.

அக்கா இரண்டு முறை போன் செய்து சௌக்கியம் விசாரித்தார். மூன்றாம் முறைதான், "புஸ்தகம் அங்கதான இருக்குது?" என்று கேட்டார். "இருக்குதுக்கா, இந்த வாரமே குடுத்து அனுப்பறன்" என்றேன். அனுப்பவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், வேலை, அலைச்சல் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். நல்லம்பள்ளியிலிருந்து தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அக்காவின் மலைக்குப் போகும் வழியில் அரூர் வரை போகும் யாரிடமாவது கொடுத்திருந்தால் வேலை முடிந்தது. இன்னொன்றும் இருக்கிறது. அக்கா சர்வீஸில் என்னைவிட மூத்தவர். தேறிவிட்டால் அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் எனக்கு மேலே வந்துவிடுவாரோ என்ற கணக்கு எனக்குள் எங்கோ ஓடியிருக்கலாம். ஓடவில்லை என்று என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்ய என்னால் முடியாது. அதற்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை. நானும் வெட்கத்தில் செய்யவில்லை. வருடங்கள் போயின. விதிகள் மாறின, புதுப் பதிப்புகள் வந்தன, தேர்வு முறையும் மாறிப்போனது.

போன வருடம் அதே அலுவலகத்துக்கு சூப்பிரண்டெண்டாகப் போனேன். அக்கா அதே மேசையில், அதே பதவியில் இருந்தார். ஓய்வுக்கு எட்டு மாதம். நான் உள்ளே நுழைந்ததும் மற்றவர்களோடு அவரும் எழுந்து நின்றார். "வணக்கங்க மேடம்" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, யாரும் இல்லாத நேரத்தில் புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். "அக்கா, என்ன மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த சீட்டுகளை மட்டும் விரலால் ஒருமுறை நீவிவிட்டார். மஞ்சளெல்லாம் வெளுத்திருந்தது. "இத எதுக்குங்க மேடம் சுமந்துக்கிட்டு வந்தீங்க. பழைய பேப்பருக்குப் போட்டுருக்கலாமில்ல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அன்று மாலை ஐந்துக்கு என் அறை வாசலில் வந்து நின்றார். பையைக் கையில் பிடித்திருந்தார். "மேடம், பஸ்ஸுக்கு நேரமாச்சிங்க. கெளம்பட்டுங்களா?"

"போய்ட்டு வாங்கக்கா" என்றேன். எல்லோரும் போன பிறகு அவர் மேசையில் போய் உட்கார்ந்தேன். பதியாத தபால்கள் பதினைந்து இருபது இருந்தன. பழையபடி ஏழு மணி வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றினேன். பல வருடங்களுக்குப் பிறகு மனசு கொஞ்சம் லேசானது. என் கையெழுத்தைப் பார்த்தால் அக்காவுக்குப் புரியும் என்று நினைத்தேன். காலையில் "புள்ள" என்று கூப்பிட்டாலும் கூப்பிடுவார் என்று பஸ்ஸில் வரும்போது ஆசைப்பட்டேன்.

மறுநாள் காலை நான் போவதற்குள் அக்கா பதிவேட்டோடு என் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. பதிவேட்டைத் திறந்து என் கையெழுத்திருந்த பக்கத்தைக் காட்டினார்.

"மேடம், நேத்து பாக்கி வெச்சிட்டுப் போய்ட்டங்க. தப்புதாங்க. ரிட்டயர்மென்ட் நேரத்துல மெமோ கிமோன்னு வந்தா பென்ஷன் நின்னுடுங்க. இந்த ஒரு தடவ மட்டும் எதுவும் எழுதிடாதீங்க."

அப்படியெல்லாம் இல்லையக்கா என்று என்னென்னவோ சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனார். மாலை ஐந்து அடித்தது. ஐந்து பத்தும் ஆயிற்று. நானே எழுந்து அவர் மேசைக்குப் போய், "அக்கா, கடைசி பஸ்" என்றேன்.

"இருக்கட்டுங்க மேடம், முடிச்சிட்டே போறன்" என்றார், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.