நான்கு மணிக்கு மேல் மடிப்பக்கா

மடிப்பக்கா விரிப்பை மடிக்கும்போது அதன் நடுவைத் தாடையால் நெஞ்சோடு அழுத்திக்கொள்வார். கைகள் இரண்டும் விரிந்து மூலைகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும். அடுக்கில் வைத்து உள்ளங்கையால் இரண்டு தட்டு. தாடை விடுபட்ட பிறகுதான் எங்கள் கேள்விக்குப் பதில் வரும்.

அது மருத்துவமனைச் சலவைக்கூடம். ஜன்னல் கிடையாது. உலர்த்தும் இயந்திரங்களின் அனலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வேறு நாட்டிலிருந்து வந்து வேலை செய்பவர்களோடு பழகி அவர்களைப் புரிந்துகொள்வது எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம். பத்துப் புதன்கிழமைகள், நான்கிலிருந்து ஐந்துவரை, மாணவர்கள் மூவர். மடிப்பக்கா என்ற பட்டப்பெயர் நாங்கள் வைத்தது.

அவருக்கு நான்கு மணிக்கே வேலை முடிந்துவிடும். ஆனாலும் எங்களுக்காகக் கூடத்துக்குள் நிற்கும்வரை கை ஓயக் கூடாது என்பது மேற்பார்வையாளரின் சட்டம். கணவருக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை, ஐந்தேகாலுக்குக் கிளம்பிவிடுவார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது இடைப்பட்ட அந்த ஒரு மணி நேரம்தான்.

மூன்றாம் வாரம் எங்கள் குழுத்தலைவி கேட்டாள்: "குடும்பமா சேர்ந்து என்னக்கா பண்ணுவீங்க?"

"சேர்ந்தா சொல்றேன். புதன்கிழமை என் மூஞ்சிய நீங்கதானே பாக்குறீங்க."

தலைவி சிரித்துவிட்டு, 'நகைச்சுவை உணர்வு' என்று குறித்துக்கொண்டாள். 'அப்ப போங்கக்கா' என்பது என் தொண்டைவரை வந்தது. வாரம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டிய வருகைப் படிவத்தில் இன்னும் எட்டுக் கட்டங்கள் காலியாக இருந்தன.

"இந்தத் தம்பி வாயே திறக்காதா? மார்க்கு பேசுறவங்களுக்கு மட்டுந்தானா?" அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா" என்றேன்.

"அப்ப நீதான் புத்திசாலி."

எட்டாம் வாரம் அவரே கேட்டார். "இன்னைக்கு சீக்கிரம் முடிச்சுக்கலாமா? அவரு ஊருக்குப் போறாரு, அப்பாவுக்கு முடியல. திரும்பி வர ஆறு மாசம் ஆகும். அஞ்சு மணிக்கு பஸ்."

"இன்னும் நாலு கேள்விதான்க்கா. டக்குனு முடிச்சிடலாம்" என்றாள் தலைவி.

நான் தரையைப் பார்த்தேன். மேசைமேல் அவருடைய கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. அவர் தாடை விரிப்பின்மேல் இருந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விட்டோம். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடினார்.

அடுத்த வாரம் நான் என் முதல் கேள்வியைக் கேட்டேன். "பாத்தீங்களாக்கா?"

"முதுகைப் பாத்தேன். ஏறிட்டு இருந்தாரு."

எங்கள் மூவருக்கும் நல்ல மதிப்பெண் கிடைத்தது. அடுத்த பருவத்தில் பேருந்தில் சந்தித்த சலவைக்கூடத் தொழிலாளி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: மாணவர்களின் அறிக்கை சரியாக இருந்தால்தான் வேலை ஒப்பந்தம் இன்னொரு வருடம் நீளும் என்று மேற்பார்வையாளர் அக்காவிடம் சொல்லிவைத்திருந்தாராம். எங்கள் அறிக்கை பல்கலைக்கழகத்தைத் தாண்டி எங்கேயும் போகவில்லை.